கால்நாட்டாமல் வந்த சண்டை

எங்கள் சந்தில் எந்த நல்லது கெட்டதும் என் குரல் இல்லாமல் தொடங்கியதில்லை. என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மன் கோவில் மைக் என் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். தாராவியில் பள்ளிக்கூடப் பை தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். வருஷம் முழுக்கத் தையல் மிஷின் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்பதில்லை. சித்திரையில் அம்மன் திருவிழாவான கொடை வரும்போதுதான் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசித் தீர்ப்பேன். "பச்சை நிறச் செருப்பு ஒன்று ஜோடியைப் பிரிந்து வாடுகிறது, உரியவர் வந்து ஆறுதல் சொல்லவும்" என்று நான் சொன்னால் பொங்கல் வைக்கிற பெண்கள் புகைக்குள்ளிருந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் அறிவிப்பேன்.

அதனால்தானோ என்னவோ, அறிவிக்காமல் எதுவும் தொடங்காது என்று ஒரு நம்பிக்கை எனக்குள் ஊறிப்போயிருந்தது. கொடை என்றால் கால்நாட்டு உண்டு. மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நல்ல நேரம் பார்த்து ஒரு கம்பை நட்டால்தான் கொடை தொடங்கியதாகக் கணக்கு. கல்யாணத்துக்கும் பந்தல்கால். சாவுக்குக்கூட முதலில் சங்கு ஊதிவிட்டுத்தான் அழுவார்கள். மும்பை மாநகராட்சி குழாயை மூடுவதற்குமுன் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறது. ஆக, இரண்டு நாடுகள் அடித்துக்கொள்வதற்கு முன்னால் யாராவது எங்காவது ஒரு கம்பை நடுவார்கள் என்று நான் நினைத்ததில் என்ன தப்பு?

அந்த வருஷம் கால்நாட்டு முடிந்து என் வலது மணிக்கட்டில் காப்பும் கட்டியாகிவிட்டது. மஞ்சள் துண்டு முடிந்த கயிறு. விழாக்குழுவில் உள்ள ஆண்கள் எல்லோரும் கட்டிக்கொள்வோம். கட்டினால் கொடை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தாராவிக்கு வந்த பிறகு அந்த வழக்கத்தைக் கொஞ்சம் நெகிழ்த்திக்கொண்டார்கள். எல்லை என்றால் ஒரு பக்கம் சயான் தண்டவாளம், இன்னொரு பக்கம் மாஹிம் தண்டவாளம், வடக்கே மித்தி ஆறு. பகலில் லோக்கல் ட்ரெயினில் வேலைக்குப் போய்வரலாம், அம்மனுக்கு அது தெரியும், அவளும் மும்பைக்காரிதான். ஆனால் ராத்திரி எல்லைக்குள் வந்து படுக்க வேண்டும். வெளியே ஒரு ராத்திரி தங்கினால் காப்பு கெட்டது.

வடக்கே குண்டு விழுந்த செய்தி வந்தபோது நான் கையில் காப்போடு, வாயில் தோசையோடு இருந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். விவசாயப் படிப்பு படிக்கிறேன் என்று பஞ்சாபில் ஒரு கல்லூரிக்குப் போனாள். தாராவியில் பிறந்த பெண்ணுக்கு விவசாயம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் மண் என்றால் துளசித் தொட்டியில் இருப்பது மட்டும்தான். கல்லூரி எல்லைப் பக்கம். சேர்க்கும்போது வரைபடத்தில் பார்த்தோம். கோதுமைதான் தெரிந்தது, கோடு கண்ணில் படவில்லை.

போன் போட்டோம். விடுதியில் ராத்திரி எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்கிறார்களாம், பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்களாம், ராஜ்மா மட்டும் தள்ளிப்போகாமல் தினமும் வருகிறதாம். "டென்ஷன் மத் லோ ப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். அவள் குரல் நன்றாக இருந்தது. என் குரல்தான் பெண் குரலாகிவிட்டது என்று மனைவி சொன்னாள்.

அன்றிலிருந்து டி.வி.யின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சேனலில் போர் என்று சிவப்பு எழுத்து ஓடியது. அடுத்ததில் பதிலடி. மூன்றாவதில் ஒரு பெரியவர் இது போரே இல்லை என்று போர்க்குரலில் கத்தினார். எதிர் நாட்டுக்காரர்களும் தாங்கள் போர் தொடுக்கவில்லை என்கிறார்கள். நம்மவர்களும் இல்லை என்கிறார்கள். ஆனால் வானத்தில் போகிறது வருகிறது. பட்டறையில் இரண்டு தையல்காரர்கள் அடித்துக்கொண்டால்கூட யார் முதலில் கை வைத்தது என்று விசாரித்து நியாயம் சொல்லிவிடுவேன். இங்கே சண்டையே நடக்கவில்லை என்று இரண்டு பேரும் சொல்கிற சண்டை.

மும்பையிலும் ஒருநாள் மாலை ஒத்திகைக்காகச் சைரன் அடித்தார்கள். ஒத்திகைதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் வாட்ஸ்அப்பில் எல்லாக் குழுவுக்கும் அனுப்பி, பீதி அடையாதீர் என்று கும்பிடு படமும் போட்டவன் நான். ஆனாலும் சத்தம் வந்ததும் என் உடம்பு என்னைக் கேட்காமல் வெட்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. அங்கே எங்கள் பிகார் தையல்காரர் ஏற்கெனவே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கண்ணைத் திறந்து என்ன சேட் என்றார்; இங்கே முதலாளி என்றால் சேட்தான். ஊசி விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்றேன். அவரும் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் என்னோடு சேர்ந்து தேடினார்.

மனைவி சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. பட்டறையில் கட்டளை எல்லாம் அவளுடையதுதான். போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். அந்தப் பக்கத்து விமான நிலையம் மூடியிருக்கிறது, ட்ரெயின் ஓடுகிறது, போய்ச் சேர ஒரு ராத்திரிக்கு மேல் ஆகும். நான் என் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தலைவரிடம் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றாள்.

விழாக்குழுத் தலைவர் எழுபதைத் தாண்டியவர். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா தலைவர். கோவில் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பந்தல்காரர்களை ஏசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கருணையில்லாதவர் இல்லை. பழைய வழக்கங்களை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினார். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு, அதற்குக் காப்பு அறுக்கலாம். அது இல்லாமல் அறுத்தது ஒரே ஒரு தரம்தான் என்றார். எழுபத்தொன்றில், அவருக்கு மீசை அரும்புகிற வயதில் நடந்த சண்டையில். அப்போதெல்லாம் கொடை கார்த்திகையில் நடக்கும்; பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையை உத்தேசித்துத்தான் பிற்பாடு சித்திரைக்கு மாற்றினார்கள். கால்நாட்டு முடிந்து காப்புக் கட்டியிருந்த நேரத்தில் ரேடியோவில் அறிவித்தார்கள். பம்பாய் முழுக்க விளக்கணைப்பு. அவருடைய அப்பா அம்மனிடம் சொல்லிவிட்டு எல்லோருக்கும் காப்பை அறுத்தாராம்.

"அப்ப எனக்கும் அறுத்திருங்க அண்ணாச்சி" என்றேன்.

"வேய், அன்னைக்கு அறிவிச்சான், அறுத்தோம். இப்ப யாரு அறிவிச்சா? அறிவிக்கட்டும், நானே கத்தியோட வாரேன். அறிவிக்காம அறுத்தா அம்மன்ட்ட என்னன்னு சொல்லுவீரு?"

நியாயமான கேள்வி. கேட்டதும் எனக்கு உள்ளே சின்னதாக ஒரு நிம்மதி வந்தது. அதை அப்போது நான் கவனிக்காததுபோல நடந்துகொண்டேன்.

ஆக, அறிவிப்புக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். மகள் வீடு வந்து சேர வேண்டும். நான் போக வேண்டும். நான் போக யாராவது ஒருவர் டி.வி.யில் வந்து 'இன்று முதல் போர்' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஒரு தகப்பன், தன் நாட்டுக்குப் போர் வராதா என்று ஏங்கியது அந்த வாரத்தில் இந்தச் சந்தில்தான் நடந்திருக்கும்.

காத்திருக்கிறவனுக்குக் கையும் வாயும் சும்மா இருக்காது. மறுநாள் மாலை முளைப்பாரிக்கு வந்த பெண்கள் ஆளுக்கொரு வதந்தியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தேற்றுவது என் கடமை என்று தோன்றியது. மைக்கை எடுத்தேன். "பொதுமக்கள் கவனத்திற்கு. இதுவரை போர் அறிவிக்கப்படவில்லை. ஆகவே யாரும் பயப்பட வேண்டாம். அறிவிக்கப்பட்டால் உடனுக்குடன் தெரிவிக்கப்படும்" என்றேன். ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. மூன்று சந்துக்கு அப்பால்கூடக் கேட்டதாம்.

அதுவரை பயப்படாமல் இருந்தவர்கள் எல்லோரும் அப்போது பயந்தார்கள். மளிகைக் கடையில் வரிசை கடைக்குள்ளிருந்து பெரிய சாலைவரை வந்தது. மெழுகுவத்தி தீர்ந்தது, தீப்பெட்டி தீர்ந்தது, ஏன் என்று தெரியவில்லை, பூண்டும் தீர்ந்தது. ஒரு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு மூன்றே கிலோமீட்டர் தள்ளி ஆண்டாப் ஹில்லில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பியது. அங்கே குண்டு விழாது என்று யார் சொன்னார்களோ. வரிசையில் என் மனைவியும் நின்றாள். அரிசிக்கு நிற்கவில்லை. "எம் புருசன் சொன்னத நம்பாதீங்க, வீட்டுக்குப் போங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே நின்றாள். தலைவர் வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். என் அறிவிப்பாளர் வாழ்க்கையில் முதல் முறை.

அடுத்த நாள் மத்தியானம் என் மச்சினி வந்தாள். செம்பூரில் இருக்கிறாள், வாஷியில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. கப்பலில் போகிற சரக்குக்கு ஏதாவது ஆனால் நஷ்டஈடு உண்டா இல்லையா என்று பார்க்கிற பிரிவு. மாலைக் கல்லூரியில் சட்டமும் படித்தவள். மாட்டுங்காவில் அம்மனுக்கு மல்லிகைப் பந்து வாங்கிக்கொண்டு நேராகக் கோவிலுக்கு வந்தாள். நானும் தலைவரும் பந்தல் நிழலில் ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அத்தான், எதுக்கு இங்கன உக்காந்திருக்கீய? அக்கா அங்க அழுதுட்டு இருக்கா."

அறிவிப்புக்காக என்றேன். காப்பு விவகாரத்தை விளக்கினேன். அவள் பூவைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மச்சினி நாற்காலியை இழுக்கிற விதத்திலேயே அத்தானுக்குப் புரிந்துவிடும், இன்றைக்குத் தப்ப முடியாது என்று.

"அது வராது அத்தான்" என்றாள்.

பிறகு சொல்லிக்கொண்டே போனாள். ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டனவாம்: சண்டை தொடங்குவதற்கு முன் காரணத்தோடு அறிவிக்க வேண்டும், இல்லையென்றால் 'இதைச் செய், செய்யாவிட்டால் போர்' என்று ஓலையாவது அனுப்ப வேண்டும். கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம்ம கால்நாட்டுதான் அது என்றேன். அவசரப்படாதீர்கள் என்றாள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் கை வைப்பதே கூடாது, தற்காப்புக்கு மட்டும் விலக்கு என்று எழுதிவைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் எவன் எழுந்து நின்று 'நான் போர் தொடுக்கிறேன்' என்பான்? அந்தக் காலத்துச் சண்டியர் வேட்டியை மடித்துக் கட்டி, வாலே என்று கூப்பிட்டுவிட்டு அடித்தார். இந்தக் காலத்துச் சண்டியர் அடித்துவிட்டு, என் மூக்கைக் காப்பாற்றிக்கொண்டேன் என்கிறார். நான் இப்படிப் புரிந்துகொண்டதாகச் சொன்னேன். ஏறக்குறைய சரி என்றாள்.

அப்படியென்றால் அறிவிக்காதவரைக்கும் அது போர் இல்லைதானே என்று தலைவர் கேட்டார்.

அங்கேதான் எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. காயம்பட்டவனை எப்படி நடத்துவது, கைதியை எப்படி நடத்துவது என்பதற்கெல்லாம் ஜெனீவாவில் போட்ட ஒப்பந்தம் இருக்கிறதாம். அது அறிவிப்பைப் பார்ப்பதில்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவே ஆயுத மோதல் என்று ஒன்று நடந்தால், ஒருவர் அதைப் போர் என்று ஒத்துக்கொள்ளாவிட்டாலும், அந்தச் சட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இல்லையென்றால், அறிவிக்கவே இல்லையே என்று சொல்லிக்கொண்டு எவனும் கைதியை என்னவும் செய்துவிடுவானே என்றாள். அவள் அலுவலகத்துப் பத்திரங்களிலும் அப்படித்தானாம்: போரால் வந்த சேதத்துக்குப் பணம் இல்லை, அந்தப் போர் அறிவிக்கப்பட்டதாக இருந்தாலும் சரி, அறிவிக்கப்படாததாக இருந்தாலும் சரி.

"மொத குண்டு விழுந்தா போதும் அத்தான். யாரும் மைக் புடிக்க வேண்டாம்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படியானால் இந்த வாரம் முழுக்க நான் போருக்குள்ளேதான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். போர்தான் என்று முடிவு செய்து எழுந்தேன். உட்காருங்கள், அப்படியும் சொல்லிவிட முடியாது என்றாள். நம் அரசியல் சாசனத்தில் போரை இப்படித்தான் அறிவிக்க வேண்டும் என்று ஒரு வழிமுறையே இல்லையாம். ஆயுத மோதல் வேறு, பழைய அர்த்தத்தில் போர் என்கிற நிலை வேறு. காயம்பட்டவனுக்கு ஒரு பதில், கப்பல் சரக்குக்கு ஒரு பதில், எமர்ஜென்சிக்கு ஒரு பதில். எதற்காகக் கேட்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் பதில். "உங்க காப்புக்கு எந்தச் சட்டம்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

தலைவர் விடவில்லை. அன்றைக்கு ரேடியோவில் அறிவித்தார்களே, அது என்ன என்றார்.

"அன்னைக்கு அறிவிச்சது எமர்ஜென்சி பெரியப்பா. அது நாட்டுக்குள்ள போடுத உத்தரவு. அடுத்த நாட்டுக்கு விடுத ஓலை இல்ல."

தலைவரின் முகம் மாறியது. "அப்ப எங்கய்யா அறிவிக்காத போருக்குக் காப்ப அறுத்தாருங்கியா? தெய்வக் குத்தம் பண்ணிட்டாருங்கியா?"

அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் பந்தல்காரர், பூ கட்டுகிறவர், வில்லுப்பாட்டுக்கு முன்பணம் வாங்க வந்தவர் எல்லோரும் கூடிவிட்டார்கள். தலைவரின் அப்பா செய்தது சரியா என்று பேச்சு திரும்பியது. அவர் எப்பேர்ப்பட்ட மனிதர், எப்படிக் குளித்து முழுகிவிட்டுத்தான் கத்தியை எடுத்தார் என்று தலைவர் கண் கலங்கச் சொன்னார். செத்துப்போன ஒருவருடைய மானத்தைக் காப்பாற்றுவதில் எல்லோரும் மும்முரமானார்கள். நானும் இரண்டு வார்த்தை பேசினேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது; பேச்சு என்றால் எனக்கு அப்படி. நடுவில் மகளுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் இந்தியில் சொன்னாள். மறுபடி போட்டேன். அதே பெண்.

அந்த நேரத்தில் மனைவி வந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் ஏதோ முடிவாகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். முடிவாகிவிட்டதா என்று தங்கையைக் கேட்டாள். தலைவருடைய அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று மச்சினி சொன்னாள். மனைவி வந்த வழியே திரும்பிப் போனாள். காலையிலிருந்து அவளுக்கும் மகளுடைய போன் கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது எங்கள் பட்டறையில் தைத்த பெரிய பை ஒன்று கட்டில்மேல் வாய் பிளந்து கிடந்தது. அதற்குள் அவளுடைய இரண்டு சேலை, ஒரு போர்வை, மகளுக்கு ஒரு பாக்கெட் முறுக்கு.

"நான் போறேன். எனக்குக் காப்பு இல்ல" என்றாள்.

அங்கே நிலைமை தெரியவில்லை, தனியாக எப்படிப் போவாய் என்றேன். மகள் தனியாகத்தானே இருக்கிறாள் என்றாள். தலைவர் இன்னும் ஒருநாள் பார்க்கலாம் என்கிறார் என்றேன். அறிவிப்பு வந்துவிட்டால் என்றேன். ஜெனீவா என்றுகூட ஆரம்பித்தேன்.

அவள் பையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. எங்கள் பட்டறை ஜிப். அதோடு போராடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "பயமா இருக்குன்னு சொல்லுங்க, எனக்குக் கோவம் வராது. கயிறக் காட்டாதீய."

நான் ஒரு நகைச்சுவை தேடினேன். எப்போதும் ஒன்று கிடைக்கும். அன்று கிடைக்கவில்லை. பையை வாங்கி, ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்து இழுத்தேன், வந்தது. பயமாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவள் சேலைகளை வெளியே எடுத்துவிட்டு என் சட்டைகளை வைத்தாள். மகள் கூப்பிட்டால் எடுத்துப் பேச ஒருவர் வீட்டில் வேண்டும்; அந்த வேலையை என்னிடம் கொடுத்தால் நான் பேசிக்கொண்டே இருப்பேன், விஷயம் வராது என்றாள். மச்சினி ஏற்கெனவே போனில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பாந்திராவிலிருந்து கிளம்புகிற வண்டியில் ஓர் இடம் கிடைத்தது.

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போனேன். தலைவரிடம் போகவில்லை, பூசாரியிடம் போனேன். பூசாரி மாமா பகலில் ஒரு தோல் கிடங்கில் காவல் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். அறுக்க வேண்டும் என்றேன். சரி என்று கத்தியை எடுத்து வந்தார். எங்கள் கோவிலில் காப்பைக் காலம் முடியும் முன்னால் அறுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கேட்டதும் அறுத்துவிடமாட்டார்கள், கட்டிக்கொண்டவன் முதலில் அம்மன் முன்னால் நின்று காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் கத்தி படும்.

வாய்விட்டுச் சொல்வது என் தொழில். நின்றேன். போர் வந்துவிட்டது தாயே என்று சொல்லலாமா? அது போர்தானா என்று எனக்குத் தெரியாது. பொய் சொன்னதாகிவிட்டால்? போர் வரவில்லை என்றால் எதற்காக அறுக்கிறேன்? ஆயுத மோதல் என்று சொன்னால் அவளுக்குப் புரியுமா? பூசாரி மாமா கத்தியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே பால் வண்டி வந்து நின்று, ஹாரன் அடித்து, போய்விட்டது.

"பிள்ள அங்க இருக்கு" என்றேன்.

அவர் இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்சம் பார்த்தார். பிறகு அறுத்தார்.

ட்ரெயினில் நான் ஒருவரிடமும் பேசவில்லை என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து போனை அழுத்திக்கொண்டே போனேன். வதோதராவைத் தாண்டிய பிறகு மனைவி கூப்பிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் தெரியவில்லை. மகள் பேசியிருக்கிறாள். விடுதியில் மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தியதில் போனுக்கு உயிர் இல்லை. கூடப் படிக்கிற ஒரு பெண்ணின் அப்பா டிராக்டர் வண்டி கொண்டுவந்து பிள்ளைகளையெல்லாம் ஏற்றிப் பெரிய ஸ்டேஷனில் விட்டிருக்கிறார். நேற்றே கிளம்பிவிட்டாள். இப்போது மும்பை வண்டியில் இருக்கிறாள், யாரோ ஒருவர் போனிலிருந்து பேசினாள். அவளும் யாருடைய அறிவிப்புக்கும் காத்திருக்கவில்லை.

எதிரே வருகிற அவள் வண்டியில் ஏறிக்கொள்ள நான் ரத்லாமில் இறங்கினேன். அவளுடைய வண்டி தாமதமாகி மறுநாள் பிற்பகலில்தான் அந்த ஊரைத் தொடும் என்றார்கள். பிளாட்பாரத்துப் பெஞ்சில் கிடந்தேன். அங்கேதான் அந்தச் செய்தியும் வந்தது: சண்டை நின்றுவிட்டதாம். டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் போன்களை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டார்கள். ஒருவர், போர் முடிந்தது என்றார். இன்னொருவர், தொடங்கினால்தானே முடிவதற்கு என்றார். என்னைப் பார்த்து நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். ஒரு வாரமாக இந்த ஒரு விஷயத்தை மட்டும் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். எனக்கு ஒரு டீ மட்டும் கேட்டேன்.

வண்டி வந்தது. பெட்டி எண் தெரியாமல் நீளமாக ஓடினேன். நாற்பத்தெட்டு வயதில் பைப் பட்டறைக்காரன் ஓடுவதைப் பார்த்து எந்தப் பெட்டியிலோ சிரித்தார்கள். கதவில் நின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். தலையில் எண்ணெய் இல்லை.

"யாருப்பா உங்கள வரச் சொன்னா? பேசாம வீட்டுல இருந்திருக்கலாம்ல" என்றாள். அதைச் சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்து மேலே இழுத்தாள், பிறகு விடவே இல்லை. எனக்கு அந்த வண்டியில் இருக்கை கிடையாது. அவளுடைய படுக்கையின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். முறுக்குப் பாக்கெட்டைக் கொடுத்தேன். அவளும் கூட வந்த இரண்டு பெண்களும் அதை முழுக்கத் தின்றார்கள். என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றுமில்லை, சத்தம் கேட்டது என்றாள். எவ்வளவு தூரத்தில் என்றேன். தெரியாது, ஜன்னல் ஆடியது என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டாள்.

தாகோத் ஸ்டேஷனைத் தாண்டியபோது வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ ஸ்விட்சைத் தட்டினார்கள். பெட்டி முழுக்க வெள்ளை வெளிச்சம். மகள் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கண் திறந்திருந்தது, ஆனால் விழித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஜன்னல் திரையை இரண்டு கையாலும் இழுத்து மூடினாள். ஓரத்தில் வெளிச்சம் கசிகிற இடத்தைத் துப்பட்டாவை வைத்து அடைத்தாள்.

"லைட்ட அணைக்கச் சொல்லுங்கப்பா."

இது குஜராத், வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறோம், சண்டை நின்றுவிட்டது என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். துப்பட்டாவைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை. அவளுடைய தோழிகளும் எழுந்துவிட்டார்கள். அவர்களும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பகுதி விளக்கை முதலில் அணைத்தேன். பிறகு எழுந்து அடுத்த பகுதிக்குப் போனேன். ஒரு குஜராத்திக் குடும்பம் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் விளக்கை அணைக்க முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டேன். ஏன் என்றார்கள். "பச்சி ஸோ ரஹி ஹை", குழந்தை தூங்குகிறது என்றேன். கல்லூரியில் படிக்கிற பெண்ணைப் போய்க் குழந்தை என்கிறானே என்று எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் என்ன பார்த்தாளோ, ஒன்றும் கேட்காமல் கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தாள். ரொட்டியை இருட்டிலேயே பிய்க்கத் தொடங்கினார்கள்.

நான் அதற்கு அடுத்த பகுதிக்குப் போனேன். பிறகு அதற்கும் அடுத்தது.